ஒரே அட்ரினலின், உறுப்புக்கு உறுப்பு வேறு பதில்: இரத்தக்குழாய் ஏற்பிகளைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயந்துபோனவருக்கு முகம் வெளுத்துவிடுகிறது, விரல் நுனிகள் சில்லிடுகின்றன. அதே நொடியில் அவருடைய தொடைத் தசையில் வழக்கத்தைவிட அதிக இரத்தம் பாய்கிறது. இரண்டு இடத்துக்கும் போனது ஒரே இரத்தம், அதில் கலந்திருந்ததும் ஒரே அட்ரினலின். ஆனாலும் தோலின் குழாய்கள் சுருங்கின, தசையின் குழாய்கள் விரிந்தன. உடலியங்கியலோ மருந்தியலோ புதிதாகப் படிக்க வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

பெரும்பாலோர் ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்து தப்பிக்கிறார்கள். உறுப்பு, ஏற்பி (செல்லில் இருந்துகொண்டு அட்ரினலின் போன்ற செய்திப்பொருளைப் பிடித்துச் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம்), விளைவு என்று மூன்று பத்தி இருக்கும். தேர்வு முடிந்த மறுநாள் அது மறந்துவிடும். அதைவிட, எந்த உறுப்பைக் கொடுத்தாலும் அதன் குழாய் என்ன செய்யும் என்று நீங்களே யோசித்துச் சொல்லக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு நான்கு கேள்விகள் போதும். அந்தக் குழாயில் எந்த ஏற்பிகள் இருக்கின்றன? அவற்றில் எது அதிகம்? செய்தி நரம்பு வழியாக வருகிறதா, இரத்தம் வழியாகவா? அந்த உறுப்பு வெளியிலிருந்து வரும் ஆணையைக் கேட்கிற ரகமா, இல்லை தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்கிற ரகமா?

நான்காவது கேள்வியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மூளையையும் இதயத்தையும் தப்பாகச் சொல்வது அதனால்தான்.

படி 1: பெயர்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்

1948-இல் ரேமண்ட் அல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர், அட்ரினலினையும் அதை ஒத்த சில வேதிப்பொருள்களையும் பல உறுப்புகளில் செலுத்தி, எது எங்கே எவ்வளவு வீரியமாக வேலை செய்கிறது என்று வரிசைப்படுத்தினார். எல்லா உறுப்பிலும் ஒரே வரிசை வரவில்லை, இரண்டு விதமான வரிசைகள் வந்தன. அப்படியானால் ஏற்பியும் இரண்டு வகையாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொள்ளத் துறையில் பலருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1967-இல் லேண்ட்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் பீட்டாவை பீட்டா-1, பீட்டா-2 என்று பிரித்தார்கள். இன்றைய கணக்குப்படி மொத்தம் ஒன்பது: ஆல்ஃபா-1-இல் மூன்று, ஆல்ஃபா-2-இல் மூன்று, பீட்டாவில் மூன்று.

ஒன்பதையும் இப்போதே தலையில் ஏற்ற வேண்டாம். இரத்தக்குழாய்களைப் பொறுத்தவரை ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா-2 ஆகிய மூன்றோடு தொடங்கினால் போதும். பீட்டா-1 முக்கியமாக இதயத்துக்கு உரியது. சிறுநீரகத்தில் மட்டும் அது ஒரு தனி வேலை பார்க்கிறது, அதை அங்கே வரும்போது பார்ப்போம்.

படி 2: செல்லுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

குழாயின் சுவரில் மென்தசைச் செல்கள் இருக்கின்றன. அவை சுருங்கினால் குழாயின் உள்விட்டம் குறைகிறது. ஆல்ஃபா-1 தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது, தசை சுருங்குகிறது. ஆல்ஃபா-2 தூண்டப்பட்டால், செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி. குறைகிறது, அதுவும் சுருக்கத்தின் பக்கமே தள்ளுகிறது. பீட்டா-2 தூண்டப்பட்டால் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடுகிறது, தசை தளர்கிறது.

இங்கே ஒரு குழப்பம் கட்டாயம் வரும். இதயத் தசையில் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் துடிப்பு வலுக்கிறது என்று படித்திருப்பீர்கள். குழாயில் மட்டும் ஏன் தளர்கிறது? செய்தி ஒன்றாக இருந்தாலும் அதை வாங்கிச் செயல்படுத்தும் புரதங்கள் வேறு. இதயச் செல்லில் அது கால்சியம் உள்ளே வரும் வழிகளைத் திறந்துவிடுகிறது. மென்தசையில் அது, தசையைச் சுருக்கும் புரதமான மயோசினைச் சுருக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் நொதியின் வேகத்தைக் குறைக்கிறது, பொட்டாசியம் வாயில்களையும் திறந்துவிடுகிறது. இதை ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால் அப்புறம் தடுமாற்றம் வராது.

உள்விட்டத்தில் சின்ன மாற்றம் வந்தாலே விளைவு பெரிதாகிறது. நுண்தமனியின் ஆரம் பாதியானால், அதன் வழியே இரத்தம் பாய்வதற்கான தடை 16 மடங்காகிறது, ஏனென்றால் தடை ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் போகிறது. ஆரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே தடை இரட்டிப்பாகிவிடும். ஒரு குழாய் முழுக்க மூடத் தேவையே இல்லை.

படி 3: செய்தியைக் கொண்டுவருவது யார்?

ஆபத்திலும் பதற்றத்திலும் உடலை உஷார்ப்படுத்துவது பரிவு நரம்பு (சிம்பதெடிக்). அதன் முனையிலிருந்து வருவது பெரும்பாலும் நார்அட்ரினலின். அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியான அகணியிலிருந்து இரத்தத்தில் கலப்பதில் சுமார் 80 சதவீதம் அட்ரினலின், மீதி நார்அட்ரினலின். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் குணம் ஒன்றல்ல. நார்அட்ரினலின் ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா-1 மூன்றையும் நன்றாகத் தூண்டும், பீட்டா-2-ஐ மிகக் குறைவாகவே தொடும். அட்ரினலின் எல்லாவற்றையும் தூண்டும். அளவு குறைவாக இருக்கும்போது குழாய்களில் பீட்டா-2-இன் பக்கம் சாயும், அளவு ஏற ஏற ஆல்ஃபா-1 அதை அமுக்கிவிடும்.

ஏற்பி உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கவனியுங்கள். குழாய்ச் சுவரில் ஆல்ஃபா-1 பெரும்பாலும் நரம்பு முனைக்கு நெருக்கமாக இருக்கிறது. பீட்டா-2 நரம்பிலிருந்து விலகி, இரத்தத்தில் மிதந்து வரும் அட்ரினலினுக்குக் காத்திருக்கிறது. ஆகவே எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் நரம்பு செய்கிற அன்றாட வேலை ஆல்ஃபா வழியே நடக்கிறது. பதற்றத்தில் தசைக்குழாய்களை விரிக்கும் வேலையில் இரத்தத்தில் வரும் அட்ரினலினுக்குப் பெரிய பங்கு.

ஆல்ஃபா-2-க்கு இன்னொரு வேலையும் உண்டு. நரம்பு முனையிலேயே உட்கார்ந்து, நார்அட்ரினலின் அதிகமாக வெளிவந்துவிட்டால் "போதும்" என்று நிறுத்தும். மூளைத்தண்டிலும் அது இருக்கிறது, அங்கே அதைத் தூண்டினால் பரிவு நரம்பின் ஓட்டமே தணியும். குளோனிடின் என்ற, ஆல்ஃபா-2-ஐத் தூண்டும் மருந்தைச் சிரை ஊசியாக வேகமாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் முதலில் சற்று நேரம் ஏறி, பிறகு இறங்குகிறது. ஏற்றம் குழாய்ச் சுவரின் ஆல்ஃபா-2-ஆல், இறக்கம் மூளையின் ஆல்ஃபா-2-ஆல். ஒரே ஏற்பிக்கு இடத்தைப் பொறுத்து எதிரெதிர் விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

படி 4: உறுப்பு உறுப்பாகப் போய்ப் பாருங்கள்

தோலிலிருந்து தொடங்குவது நல்லது, அங்கே கணக்கு சுலபம். ஆல்ஃபா-1-உம் ஆல்ஃபா-2-உம் நிறைய, பீட்டா-2 மிகக் குறைவு. எனவே அட்ரினலின் வந்தாலும் நார்அட்ரினலின் வந்தாலும் சுருக்கம்தான். விரல், உள்ளங்கை, மூக்கு நுனி, காது மடல் ஆகிய இடங்களில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் உண்டு. இவை பரிவு நரம்பின் முழுப்பிடியில் இருப்பவை. குளிரில் முதலில் விறைப்பது இந்த இடங்கள்தான் என்பதை எல்லோரும் அனுபவித்திருப்போம்.

தோலில் ஆல்ஃபா-2-இன் சி வகைக்கு ஒரு வினோத குணம் உண்டு. சாதாரண வெப்பநிலையில் அதில் பெரும்பகுதி செல்லின் உள்ளே சும்மா கிடக்கிறது. குளிர்ந்ததும் மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து நார்அட்ரினலினுக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. சுண்டெலியின் வால் தமனியில் இதைக் காட்டியிருக்கிறார்கள். குளிர் பட்டதும் விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கும் ரேனோ நோயில் இந்த ஏற்பிமேல் ஆய்வாளர்களுக்குக் கண் இருப்பது இதனால்தான்.

அடுத்து, எலும்போடு ஒட்டிய தசை. இங்கே ஆல்ஃபா-1-உம் உண்டு, பீட்டா-2-உம் கணிசமாக உண்டு. ஓய்வில் நரம்பின் ஆல்ஃபா கட்டளை தசைக்குழாய்களை ஓரளவு இறுக்கியே வைத்திருக்கிறது. உடலில் தசையின் நிறை மிகப் பெரியது என்பதால், அங்கே குழாய்கள் இறுகினாலும் தளர்ந்தாலும் மொத்த இரத்த அழுத்தமே அசையும். குறைந்த அளவு அட்ரினலின் வந்தால் பீட்டா-2 வேலை செய்து குழாய் விரிகிறது.

ஓடும்போது நடப்பது இன்னும் சுவாரசியமானது. பரிவு நரம்பு உடல் முழுவதும் சுருக்கச் சொல்லி ஆணையிடுகிறது, ஆனால் வேலை செய்யும் தசை அதைப் பொருட்படுத்துவதில்லை. தசை வெளியிடும் பொருள்களும், அங்கே ஏற்படும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து ஆல்ஃபாவின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன, குறிப்பாக ஆல்ஃபா-2-இன் பிடியை. சும்மா இருக்கும் தசையில் சுருக்கம் அப்படியே நிற்கிறது. ஓய்வில் இதயம் வெளியேற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தசைக்குப் போகும். கடும் உடற்பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போகலாம். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு பீட்டா-2 மட்டும் காரணம் என்று எழுதினால் மதிப்பெண் குறையும். முக்கால்வாசி வேலையைத் தசையே பார்த்துக்கொள்கிறது.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட வராது, ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் வாங்குகின்றன. வடிகட்டுவதற்காக வாங்குவது அது, சாப்பாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் ஆபத்து வந்தால் அங்கிருந்து கொஞ்ச நேரம் திருப்பிவிட முடிகிறது. குழாய்களில் ஆல்ஃபா-1 ஆட்சி, பீட்டா-2 மிகக் குறைவு. வடிகட்டும் முடிச்சுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய், அதிலிருந்து கொண்டுபோகும் குழாய், இரண்டுமே சுருங்கும்.

முன்பு சொன்ன பீட்டா-1 இங்கேதான் வருகிறது. கொண்டுவரும் குழாயின் சுவரில் உள்ள சிறப்புச் செல்கள், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும் ரெனின் என்ற நொதியை பீட்டா-1 வழியே சுரக்கின்றன. நரம்புத் தூண்டல் லேசாக இருக்கும்போது முதலில் ரெனின் கூடும். சற்று வலுத்தால் சோடியம் சேமிப்பு கூடும். இன்னும் வலுத்தால்தான் இரத்த ஓட்டம் குறையும். இந்த வரிசையை நினைவில் வையுங்கள். பீட்டா தடுப்பான் மருந்து எப்படி இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. சிறுநீரகக் குழாயில் டோபமின் ஏற்பிகளும் உண்டு, அவை குழாயை விரிக்கும்.

குடலிலும் ஆல்ஃபா-1 மேலோங்கியிருக்கிறது, பீட்டா-2-உம் ஓரளவு உண்டு. பரிவு நரம்பைத் தொடர்ந்து தூண்டினால் முதலில் இரத்த ஓட்டம் சட்டென்று விழும், சில நிமிடங்களில் ஓரளவு தானாகவே மீளும். குடலின் சிரைகளோ அப்படி மீள்வதில்லை, சுருங்கியே இருக்கும். இரத்தப்போக்கு ஏற்படும்போது உடலுக்கு உதவுவது இந்தச் சுருக்கம்தான்: வயிற்றுப் பகுதியில் தேங்கியிருந்த இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிவிடுகிறது.

சிரைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடலாம். உடலின் இரத்தத்தில் பாதிக்கும் மேல், சுமார் 60 முதல் 70 சதவீதம், எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அங்கே ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இரண்டும் உண்டு. சிரை சுருங்கினால் தடை பெரிதாகக் கூடாது, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் கூடும். தமனிச் சுருக்கத்தையும் சிரைச் சுருக்கத்தையும் ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

இதயத்தின் சொந்தக் குழாய்களில்தான் நான்காவது கேள்வியின் அருமை தெரியும். பெரிய இதயத் தமனிகளில் ஆல்ஃபா-1, சிறியவற்றில் ஆல்ஃபா-2, அவற்றோடு பீட்டா-2 என்று எல்லாம் இருக்கின்றன. ஏற்பிகளை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. பரிவு நரம்பு இதயத் தசையை பீட்டா-1 வழியே விரட்டுகிறது. வேலை கூடுகிறது, ஆக்சிஜன் தேவை கூடுகிறது, அந்தத் தேவையே குழாய்களை விரிக்கிறது. ஓய்விலேயே இதயத் தசை தன்னிடம் வரும் இரத்தத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனை எடுத்துவிடுவதால், தேவை கூடினால் ஓட்டத்தைக் கூட்டுவதைத் தவிர அதற்குப் பெரிதாக வேறு வழியில்லை. ஆல்ஃபாவின் சுருக்கம் இந்தப் பெரிய விரிவுக்குள் மறைந்துபோகிறது. பீட்டாவைத் தடுத்துவிட்டுத் தூண்டினால்தான் அது வெளியே தெரியும்.

மூளையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நரம்பிழைகளும் ஏற்பிகளும் இல்லாமல் இல்லை, ஆனால் செல்வாக்கு குறைவு. இரத்தத்தில் மிதக்கும் அட்ரினலினை இரத்த-மூளைத் தடுப்பு பெரும்பாலும் உள்ளே விடாது. சராசரி அழுத்தம் சுமார் 60-இலிருந்து 150 மி.மீ. பாதரசம் வரை மாறினாலும் மூளை தன் இரத்த ஓட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. அங்கே உண்மையான எஜமான் கார்பன் டை ஆக்சைடு. நுரையீரலிலும் ஆல்ஃபா-1, பீட்டா-2 இரண்டும் உண்டு, ஆனால் அங்கே ஆக்சிஜன் அளவின் சொல்தான் எடுபடும். அதுவும் தலைகீழாக: ஆக்சிஜன் குறைந்தால் மற்ற உறுப்புகளில் குழாய் விரியும், நுரையீரலில் சுருங்கும்.

படி 5: மூன்று வரைபடங்களை வைத்துச் சரிபாருங்கள்

புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய பயிற்சி. ஆரோக்கியமான ஒருவருக்கு நார்அட்ரினலின், அட்ரினலின், ஐசோப்ரீனலின் (அட்ரினலினை ஒத்த செயற்கை மருந்து) மூன்றையும் தனித்தனியாக, நிமிடத்துக்கு சுமார் 10 மைக்ரோகிராம் வீதம் சிரையில் செலுத்தினால் என்ன ஆகும்? புத்தகத்தைத் திறக்காமல், இரத்த அழுத்தம், நாடி, மொத்தத் தடை எப்படி மாறும் என்று முதலில் நீங்களே மருந்துக்கு ஒன்றாக மூன்று படம் வரையுங்கள்.

நார்அட்ரினலின்: தோல், குடல், சிறுநீரகம், தசை என எல்லா இடத்திலும் ஆல்ஃபா சுருக்கம். அதை ஈடுகட்ட பீட்டா-2 தூண்டல் இல்லை. சிஸ்டாலிக் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்), டயஸ்டாலிக் (தளரும்போது உள்ள அழுத்தம்) இரண்டும் ஏறும். நாடித்துடிப்பு மட்டும் குறையும்! பீட்டா-1 தூண்டப்படுகிறதே என்று கேட்பீர்கள், சரிதான். ஆனால் அழுத்தம் ஏறியதைக் கழுத்துத் தமனியின் உணர்விகள் கண்டு வேகஸ் நரம்பு வழியே இதயத்தை அடக்கிவிடுகின்றன.

அட்ரினலின்: தோலும் சிறுநீரகமும் சுருங்கும், தசை விரியும். தசையின் பரப்பு பெரிது என்பதால் மொத்தத் தடை குறையும். இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கும். சிஸ்டாலிக் ஏறும், டயஸ்டாலிக் சற்று இறங்கும், சராசரி பெரிதாக மாறாது.

ஐசோப்ரீனலின் பீட்டாவை மட்டுமே தொடும். தடை நன்றாக விழும், டயஸ்டாலிக் வெகுவாக இறங்கும், நாடி பறக்கும்.

உங்கள் படத்தில் எது தவறினாலும் அது டயஸ்டாலிக்காகத்தான் இருக்கும். மொத்தத் தடையின் நிழல் அதில்தான் விழுகிறது, எனவே அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

இதே தர்க்கம் 1906-இலேயே ஹென்றி டேல் கண்ட ஒரு புதிரையும் அவிழ்க்கிறது. எர்காட் என்ற பூஞ்சையின் சாற்றைக் கொடுத்த பிறகு பூனைக்கு அட்ரினலின் செலுத்தினார். ஏறவேண்டிய இரத்த அழுத்தம் இறங்கியது. அந்தச் சாறு ஆல்ஃபாவை அடைத்துவிட்டது, எஞ்சியிருந்த பீட்டா-2 குழாய்களை விரித்தது. இரண்டு ஏற்பிகள் என்ற எண்ணமே அப்போது பிறக்கவில்லை என்பதால், முழு விளக்கம் கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

படி 6: மருந்துகளில் பொருத்திப் பாருங்கள்

இந்தப் பகுதி புரிந்துகொள்வதற்காக மட்டும், யாரும் மருந்தை மாற்றவோ தொடங்கவோ இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுகிறார்கள், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். தோலுக்கடியில் ஏன் போடுவதில்லை? அங்கே ஆல்ஃபா மட்டும் ஆள்கிறது. ஊசி போட்ட இடத்திலேயே குழாய்கள் சுருங்கி, மருந்து தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்கிறது. தசையில் இரத்த ஓட்டமும் அதிகம், பீட்டா-2-உம் உண்டு, எனவே உடலுக்குள் வேகமாகப் பரவுகிறது. உயிர் போகும் அவசரத்தில் ஊசியை எங்கே குத்துவது என்பதில் இந்தக் கட்டுரையின் முழுப்பாடமும் அடங்கியிருக்கிறது. அதே தோல் சுருக்கத்தை மரப்பு ஊசியில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள்: மரப்பு மருந்தோடு சிறிதளவு அட்ரினலின் கலந்தால் மருந்து அங்கேயே நின்று நீண்ட நேரம் வேலை செய்யும், இரத்தக் கசிவும் குறையும்.

மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டுகள் மூக்குச் சவ்வின் குழாய்களை ஆல்ஃபா வழியே சுருக்குகின்றன. சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து நின்றதும் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும் ப்ரோப்ரனலால் என்ற பீட்டா தடுப்பானைச் சாப்பிடுபவர்கள் கை கால் சில்லென்று இருக்கிறது என்பார்கள். இதயம் வெளியேற்றும் இரத்தம் குறைவதும், பீட்டா-2 அடைபட்டு ஆல்ஃபாவுக்கு எதிர்ப்பில்லாமல் போவதும் காரணம்.

இந்த எதிர்ப்பில்லாத ஆல்ஃபா எவ்வளவு ஆபத்தானது என்பதை அட்ரினல் அகணியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா கட்டியில் பார்க்கலாம். அட்ரினலினும் நார்அட்ரினலினும் கட்டுக்கடங்காமல் கொட்டுகின்றன, நாடி படபடக்கிறது. படபடப்பைப் பார்த்து முதலில் பீட்டா தடுப்பானைக் கொடுத்துவிட்டால் தசைக்குழாய்களை விரித்துக்கொண்டிருந்த பீட்டா-2-உம் நின்றுபோகும். உடல் முழுவதும் சுருக்கம் மட்டுமே மிஞ்சி, இரத்த அழுத்தம் எகிறும். ஆகவே முதலில் ஆல்ஃபா தடுப்பான், அது நன்றாகப் பிடித்த பிறகே, தேவைப்பட்டால் பீட்டா தடுப்பான்.

ஆழமாகப் படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்

எலியிலும் நாயிலும் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தாதீர்கள். ஏற்பிகளின் விகிதம் உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது. ஒரே உறுப்பிலும் பெரிய தமனிக்கும் நுண்தமனிக்கும் வேறுபாடு உண்டு என்பதை இதயக் குழாய்களில் பார்த்தோம். ஒரு கட்டுரையை வாசிக்கும்போது எந்த உயிரினம், எந்த அளவுக் குழாய் என்ற இரண்டையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு மேலே போங்கள்.

இரண்டாவது, குழாயின் உள்ளே மெழுகியது போல் படர்ந்திருக்கும் உட்படலம். அதிலும் ஆல்ஃபா-2-உம் பீட்டாவும் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு வெளிவந்து குழாயை விரிக்கும். ஆய்வகத்தில் வெட்டி எடுத்த ஒரு தமனித் துண்டு எதிர்பாராத விதத்தில் சுருங்கினால் ஏற்பியைச் சந்தேகிக்கும் முன், எடுக்கும்போது உட்படலம் உரிந்துபோயிற்றா என்று பாருங்கள். உட்படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடை வெளிவிட வைக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கொடுத்தால் தெரிந்துவிடும்: உட்படலம் நன்றாக இருந்தால் துண்டு தளரும், உரிந்திருந்தால் தளராது.